கற்றல் தளத்தை மறுவடிவமைக்கும்போது முதலில் மாற வேண்டியது ஆசிரியரின் திரை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்றல் தளம் பயன்படுத்தக் கடினமாக இருக்கிறது என்று மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அதை மறுவடிவமைக்கும் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். முகப்புப் பக்கத்துக்குப் புதிய தோற்றம் கொடுத்தால் போதும் என்று ஒரு தரப்பும், மென்பொருளையே மாற்றிவிட வேண்டும் என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தரப்பின் பேச்சையும் சில மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள் என்பதே என் பதில். இத்தகைய பணிகளில் பல ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: மாணவர் தினமும் காணும் பக்கங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டுபவர் அந்தந்தப் பாடத்தின் ஆசிரியர். வடிவமைப்பாளரின் கை அங்கே மிகக் குறைவாகவே படுகிறது. ஆகவே ஆசிரியர் பாடத்தை உருவாக்கும் திரை எளிதாகாமல் மாணவரின் திரை எளிதாகாது. இந்த வரிசை தலைகீழாகிப்போன திட்டங்களில், புது வண்ணம் பூசிய பழைய குழப்பமே மிஞ்சியதைக் கண்டிருக்கிறேன்.

இந்தத் தளங்கள் பிறந்த விதத்தைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1990களின் நடுவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான வெப்சிடி, 1997இல் தொடங்கப்பட்ட பிளாக்போர்டு, மார்ட்டின் டூகியாமஸ் 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட மூடுல், பின்னால் வந்த கேன்வாஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை அலகு ‘பாடம்’தான். வெற்று அறை ஒன்றை ஆசிரியரிடம் கொடுத்து, கோப்பு, கலந்துரையாடல், தேர்வு, மதிப்பெண் பட்டியல் என்று அறைகலன்களையும் கொடுத்து, உங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளுங்கள் என்று அவை சொல்லின. கற்பித்தல் முறை துறைக்குத் துறை மாறும் என்பதால் அந்தச் சுதந்திரம் அன்றைக்குத் தேவையாகவே இருந்தது. ஆனால் மாணவரின் வாழ்க்கை பாடம் பாடமாக நகர்வதில்லை, வாரம் வாரமாக நகர்கிறது. ஐந்து பாடங்கள் படிக்கும் ஒருவர், ஒரே நிறுவனத்துக்குள், ஐந்து வெவ்வேறு ஆட்கள் கட்டிய ஐந்து வெவ்வேறு வீடுகளுக்குள் நாள்தோறும் நுழைந்து வெளியேறுகிறார். ஒன்றில் விரிவுரைக் குறிப்புகள் ‘வளங்கள்’ என்பதன் கீழ் இருக்கும், அடுத்ததில் ‘உள்ளடக்கம்’, இன்னொன்றில் ‘தொகுதிகள்’, வேறொன்றில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய இணைப்பாக. ஒவ்வொரு வீடும் தனித்தனியே பார்த்தால் குறையற்றதாகவே இருக்கலாம். ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பவர் மாணவர் ஒருவரே என்பதால், அந்தச் சுமை வேறு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் பங்கேற்ற ஒரு மறுவடிவமைப்பில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரை அவருடைய திறன்பேசியிலேயே ஓர் ஒப்படைப்பைச் சமர்ப்பிக்கும்படி கேட்டுக்கொண்டு, அருகில் அமர்ந்து பார்த்தேன். அவர் ‘கோப்பைச் சேர்’ என்பதைத் தொட்டார். சிறு சாளரம் ஒன்று திறந்து நான்கு தெரிவுகளைக் காட்டியது: சர்வர் கோப்புகள், அண்மைக் கோப்புகள், கோப்பைப் பதிவேற்று, தனிப்பட்ட கோப்புகள். தன் பேசியில் இருக்கும் கோப்பு தனக்குரியதுதானே என்ற நியாயத்தில் அவர் ‘தனிப்பட்ட கோப்புகள்’ என்பதைத் தொட்டார். அங்கே ஒன்றும் இல்லை. பின்வாங்கி, மூன்றாவதைக் கண்டுபிடித்து, கோப்பை ஏற்றினார். ‘மாற்றங்களைச் சேமி’ என்பதைத் தொட்டதும் பச்சைப் பட்டை ஒன்று வந்து மறைந்தது. “முடிந்தது” என்று சொல்லிப் பேசியை மேசைமேல் வைத்தார். திரையை உருட்டினால் மட்டுமே தெரியும் இடத்தில், சாம்பல் நிற எழுத்தில், ‘நிலை: வரைவு, சமர்ப்பிக்கப்படவில்லை’ என்று இருந்தது. ‘ஒப்படைப்பைச் சமர்ப்பி’ என்ற உண்மையான பொத்தான் அதற்கும் கீழே இருந்தது. “நான் அனுப்பினேன், ஆனால் அனுப்பவில்லை என்கிறார்கள்” என்று உதவி மையத்துக்கு வந்துகொண்டிருந்த முறையீடுகளின் காரணம் அந்தச் சில நிமிடங்களில் எங்களுக்கு விளங்கிவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்று பிறகு தெரிந்தது. அந்த வரைவு நிலை தளத்தின் கட்டாயம் அல்ல. ஒப்படைப்பை உருவாக்கும் நீண்ட படிவத்தில் உள்ள பல அமைப்புகளில் அதுவும் ஒன்று. ஆசிரியர் முந்தைய ஆண்டின் பாடத்தை நகலெடுத்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. அப்படியோர் அமைப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே முதல் பணி, பார்ப்பது. கருத்துக்கணிப்பு நடத்தி “தளம் எப்படி இருக்கிறது” என்று கேட்டால், “மெதுவாக இருக்கிறது, பழையதாக இருக்கிறது” என்பதற்குமேல் பயனுள்ள விடை கிடைப்பது அரிது. மாறாக, உண்மையான வேலைகளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்: இந்த வாரம் முடிக்க வேண்டியவற்றைக் கண்டுபிடியுங்கள், சென்ற மாத ஒப்படைப்புக்கு ஆசிரியர் எழுதிய கருத்தைத் திறந்து காட்டுங்கள், தவறவிட்ட விரிவுரையின் பதிவை எடுங்கள், இந்தக் கோப்பைச் சமர்ப்பித்துவிட்டு அது போய்ச் சேர்ந்ததென்று எப்படி அறிவீர்கள் என்று சொல்லுங்கள். அவர் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். உதவத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி. எத்தனை பேரைப் பார்ப்பது என்ற கேள்வி உடனே எழும். பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரைச் சோதிக்கும்போது சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்கள் வெளிப்படுகின்றன. ஐந்து பேரில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆனால் இந்த ‘ஐந்து பேர்’ என்பது ஒரே வகையான பயனர்களுக்கான எண். முதலாண்டு மாணவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவர், ஆசிரியர், மதிப்பெண்களைத் தொகுக்கும் அலுவலர் ஆகியோர் வெவ்வேறு வகையினர். ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பாருங்கள். ஒரே மூச்சில் எல்லாரையும் பார்த்துவிடாமல், சிலரைப் பார்த்து, கண்டதைத் திருத்தி, மீண்டும் சிலரைப் பார்ப்பது பலன் தரும்.

இதனோடு செலவில்லாத இரண்டு ஊற்றுகள் உங்களிடமே இருக்கின்றன. ஒன்று, உதவி மையத்துக்கு வந்த கோரிக்கைகள். அவற்றை ஒரு முழுப் பருவத்துக்கு எடுத்து, மென்பொருளின் பிரிவுகளின்படி வகைப்படுத்தாமல், மாணவர் என்ன செய்ய முயன்றார் என்பதன்படி வகைப்படுத்துங்கள். இரண்டாவது, தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டச்சு செய்த சொற்கள். ஒருவர் தேடல் பெட்டிக்குப் போகிறார் என்றால் பெரும்பாலும் மெனுவில் அவருக்கு வழி கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே அவர் எழுதும் சொல்லே மெனுவில் இருந்திருக்க வேண்டிய சொல். ‘கற்றல் வளங்கள்’ என்று தளம் சொல்லிக்கொண்டிருக்க, எல்லாரும் ‘நோட்ஸ்’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தொடங்கும்போதே ஓர் அளவையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரம் பயன்படுதன்மையை, அதாவது ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதை, மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: எண்ணிய வேலை சரியாக முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் ஆயின, செய்தவருக்கு மனநிறைவு இருந்ததா. முதல் இரண்டையும் மேலே சொன்ன சோதனைகளிலேயே பதிவுசெய்யலாம். மூன்றாவதற்கு, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யுஎஸ் என்னும் பத்து வாக்கிய வினாப்பட்டி போதும். அதன் மதிப்பு 0 முதல் 100 வரை வரும், ஆனாலும் அது விழுக்காடு அல்ல. பொதுவாக 68 சராசரியாகக் கருதப்படுகிறது. பழைய தளத்துக்கு இந்த மதிப்பை எடுக்காமல் புதியதை வெளியிட்டுவிட்டால், பின்னர் யாராவது “பழையதே நன்றாக இருந்தது” என்று சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது.

இனி வடிவமைப்புக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தோடு சொல்லப்போவதில்லை, ஏனெனில் எல்லாமும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. என் அனுபவத்தில் ஒரு மாணவரின் மன அமைதியைக் குலைப்பதில் முதலிடம் வகிப்பது கெடு தேதி. எந்தப் பாடத்தில் எது, எப்போது முடிகிறது என்பதை எல்லாப் பாடங்களிலிருந்தும் திரட்டி, கால வரிசையில், உள்நுழைந்ததும் தெரியும் முதல் பொருளாகக் காட்டுங்கள். முகப்பில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தலைமையின் வாழ்த்துரை, தானாகச் சுழலும் படங்கள், விழா அறிவிப்புகள் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் பொது இணையதளம் இருக்கிறது. கற்றல் தளத்தின் முகப்பு, படிக்க வந்தவருக்கு உரியது.

தேதியைக் காட்டும் முறையிலும் நுணுக்கம் உண்டு. ‘வெள்ளி இரவு 12:00’ என்று எழுதினால், அது வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவா, வெள்ளி முடியும் நள்ளிரவா என்று இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒருநாள் வித்தியாசம் ஒருவரின் மதிப்பெண்ணைப் பறித்துவிடும். ‘வெள்ளிக்கிழமை இரவு 11:59’ என்று கிழமையோடு எழுதுவது இந்த ஐயத்தை அடியோடு நீக்கும். ஆசிரியர் 12:00 என்று தட்டச்சு செய்தால், படிவமே “எந்த நாளின் நள்ளிரவு?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நேரங்களை உள்ளே உலகப் பொது நேரமான யுடிசியில் சேமித்து, பார்ப்பவரின் நேர வலயத்துக்கு மாற்றிக் காட்டுங்கள். எந்த வலயத்தின் நேரம் என்பதையும் அருகிலேயே எழுதுங்கள். ஒருவருக்குக் கெடு நீட்டிப்பு வழங்கப்பட்டிருந்தால், அவருடைய பட்டியலில் அவருக்குரிய தேதி மட்டுமே தெரிய வேண்டும். பழைய தேதி ஓரிடத்திலும் புதிய தேதி வேறிடத்திலும் தெரிந்தால், ஏற்கெனவே நோயாலோ துயராலோ நீட்டிப்புக் கேட்டவரை மீண்டும் ஒருமுறை அலைக்கழிப்பதாகும்.

சமர்ப்பிக்கும் செயலைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. கோப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு தொடல், அனுப்புவது ஒரு தொடல், அதற்குமேல் வேண்டாம். வரைவு நிலை கூட்டாக எழுதும் பணிகளுக்குப் பயன்படலாம் என்றாலும், ஆசிரியர் தாமாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது இயங்க வேண்டும். அனுப்பிய பின் ஒரு ரசீது வர வேண்டும்: கோப்பின் பெயர், அளவு, பெறப்பட்ட நேரம், ஓர் எண். திரையில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக அது இருக்கட்டும். அந்த ரசீதிலிருந்தே, அனுப்பிய கோப்பைத் திறந்து பார்க்கவும் முடிய வேண்டும். தவறான கோப்பை அனுப்பிவிட்டோமோ என்று நடுஇரவில் பதறுபவருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை.

பதிவேற்றம் பாதியில் அறுபடுவது அடுத்த தொல்லை. பெரிய கோப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பி, இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை பல காலமாகவே நடைமுறையில் உள்ளது. அதை உங்கள் தளம் ஆதரிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். காத்திருப்பைப் பற்றி நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன எல்லைகள் இன்றும் செல்லுபடியாகின்றன. பத்தில் ஒரு நொடிக்குள் நடந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடி வரை எண்ண ஓட்டம் தடைபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கெடு நேரத்தில் பத்து நொடிகளுக்கு மேல் அசையாத திரை கவனத்தைச் சிதறடிப்பதோடு நிற்காது. மாணவர் அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார், சர்வரின் சுமை மேலும் ஏறும். எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்று காட்டும் பட்டையும், ஒரே கோப்பு இருமுறை வந்தாலும் ஒன்றாகவே பதிவாகும் ஏற்பாடும் இங்கே தேவை. சர்வரின் திறனைச் சராசரி நாளை வைத்து மதிப்பிடாமல், பருவத்தின் மிகப் பெரிய பாடத்தின் கெடு முடியும் கடைசி ஒரு மணி நேரத்தை வைத்து மதிப்பிடுங்கள்.

அமர்வு காலாவதியாவதும், அதாவது சிறிது நேரம் கழித்துத் தளம் தானாகவே ஒருவரை வெளியேற்றிவிடுவதும், இந்த வகையைச் சேர்ந்ததே. மாணவர் உலாவியிலேயே ஒரு நீண்ட விடையை எழுதுகிறார், சிந்திக்கிறார், மேலும் எழுதுகிறார். அனுப்பும்போது தளம் அவரை உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளிவிட, எழுதியது மறைந்துவிடுகிறது. ஒருமுறை இதைப் பட்டவர் தளத்தை மறுபடி நம்புவதில்லை. எழுத எழுதத் தானாகச் சேமிப்பதும், காலம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து நீட்டிக்க வழிதருவதும் கட்டாயமாக வேண்டும். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறியான டபிள்யுசிஏஜியிலும் இது இடம்பெற்றிருக்கிறது: நேர வரம்பு உள்ள இடங்களில், அது முடியும் முன் எச்சரித்து, எளிய செயல் ஒன்றால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடிகளாவது தருவது அது ஏற்கும் வழிகளுள் ஒன்று.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஆசிரியரின் திரைக்கு வருகிறேன். ஒரு பருவத்துக்குப் பாடத்தைத் தயார்செய்யும் ஆசிரியரின் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். பழைய பாடத்தை நகலெடுத்துவிட்டு, ஒவ்வொரு வாரத்தின் தேதியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என ஐந்து பெட்டிகளை மாற்றி, சேமித்து, பக்கம் மீண்டும் ஏறுவதற்குக் காத்திருப்பார். பதினைந்து வாரங்கள், வாரத்துக்கு இரண்டு செயல்கள் என்றால், முப்பது முறை. இருபதாவது முறையில் ஒரு தேதியை மாற்றத் தவறுவது மனித இயல்பு. மாணவருக்கு அது ‘கெடு கடந்துவிட்டது’ என்று சென்ற ஆண்டின் தேதியோடு தெரியும். பருவத்தின் முதல் நாளை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாத் தேதிகளும் அதற்கேற்ப நகரும் வசதியையும், எல்லாத் தேதிகளையும் ஒரே அட்டவணையில் பார்த்துத் திருத்தும் பக்கத்தையும் உருவாக்கிக் கொடுங்கள். மாணவர் முகப்பில் நீங்கள் வைக்கும் கெடுப் பட்டியலின் நம்பகத்தன்மை முழுக்க இந்தப் பக்கத்தைச் சார்ந்திருக்கிறது.

அடுத்து, ஒரு பொது வார்ப்பு, அதாவது எல்லாப் பாடங்களும் பின்பற்றும் ஒரே பக்க அமைப்பு. ஒவ்வொரு பாடமும் வாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசையில் தொடங்க வேண்டும்: இந்த வாரம் எதைப் பற்றியது, எதைப் படிப்பது அல்லது பார்ப்பது, எதைச் செய்வது, எப்போது முடிப்பது. இதற்கு எதிர்ப்பு வரும். கற்பிக்கும் சுதந்திரத்தில் தலையிடுவதாகச் சிலர் உண்மையான கவலையோடு சொல்வார்கள், அந்தக் கவலையை மதித்துப் பேசுங்கள். நான் வைக்கும் எல்லைக்கோடு இதுதான்: பொருள்களின் பெயரும் இடமும் எல்லாப் பாடங்களுக்கும் பொது, அவற்றுக்குள் எதை வைப்பது, எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியருடையது. ஆய்வகப் பாடம், ஆய்வு வழிகாட்டல், களப்பணி போன்றவை வாரக் கட்டத்துக்குள் அடங்காதவை. அவற்றுக்கென இரண்டொரு மாற்று வார்ப்புகளை அந்த ஆசிரியர்களையே அழைத்து வரையச் சொல்லுங்கள். மனித நினைவின் வேலைப்பரப்பு குறுகியது என்ற அடிப்படையில் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாட்டை உங்கள் கல்வியியல் துறையினர் நன்கு அறிந்திருப்பார்கள். குறிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதில் செலவாகும் கவனம், குறிப்பைப் புரிந்துகொள்ள வேண்டிய கவனத்திலிருந்தே கழிகிறது. இதை அவர்களே தங்கள் சகாக்களிடம் எடுத்துச்சொன்னால், உங்கள் குழு சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

ஒப்படைப்பை உருவாக்கும் படிவத்தையும் சுருக்குங்கள். தலைப்பு, விளக்கம், கெடு, மொத்த மதிப்பெண் ஆகிய நான்கும் முதலில் தெரியட்டும். மற்ற அமைப்புகள் எல்லாம் நல்ல முன்னிருப்புகளோடு (ஆசிரியர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தளம் தானே எடுத்துக்கொள்ளும் மதிப்புகளோடு) ‘மேலும்’ என்பதன் பின்னால் இருக்கட்டும். முன்னிருப்பாக எதை வைப்பது என்பதே உங்கள் குழு எடுக்கும் முடிவுகளில் மிகப் பெரிய விளைவு கொண்டது, ஏனெனில் பெரும்பாலோர் அதை மாற்றுவதே இல்லை.

அணுகல்தன்மையும் ஆசிரியரின் கையில்தான் பெரும்பகுதி இருக்கிறது. தளத்தின் சட்டகத்தை டபிள்யுசிஏஜி 2.2க்கு ஏற்பச் செய்துவிடலாம். 2023 அக்டோபரில் வெளியான அந்தப் பதிப்பின் ஏஏ நிலை (மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற வேறுபாட்டு விகிதத்தையும், தொடும் இலக்குகளுக்குப் பொதுவாக 24 பிக்சல் நீள அகலத்தையும், 320 பிக்சல் அகலத் திரையிலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க இயலுவதையும் கேட்கிறது. கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்கும் உள்நுழைவுப் பக்கங்களும் அதன்படி சிக்கலுக்குரியவை. ஆனால் ஆசிரியர் ஒரு நூலின் பக்கங்களைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக ஏற்றினால், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவருக்கு அந்தக் கோப்பு முழுவதும் மௌனமாகவே இருக்கும், சட்டகம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும். ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை, கோப்பு ஏறும் அந்தக் கணத்திலேயே “இதில் எழுத்து இல்லை, படம் மட்டுமே இருக்கிறது, எழுத்தாக மாற்றட்டுமா?” என்று தளம் கேட்க வேண்டும். படங்களுக்கு விளக்கம், காணொளிகளுக்கு வசன வரி, தலைப்புகளுக்கு உரிய பாணி ஆகியவற்றுக்கும் இதே அணுகுமுறைதான். பயிலரங்கில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தது மறந்துபோகும், செய்யும் இடத்தில் கேட்டால் நடக்கும். திரைவாசிப்பானோடு வாழும் மாணவர் ஒருவருக்கு உரிய ஊதியம் தந்து குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் காட்டாதவற்றை அவர் முதல் நாளிலேயே காட்டுவார்.

மெனுவின் அமைப்பைக் குழுக் கூட்டத்தில் வாதிட்டு முடிவுசெய்ய வேண்டாம். பொருள்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி மாணவர்களிடம் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றை ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பின்னர் அந்த அமைப்பை எழுத்து வடிவில் மட்டும் காட்டி, “மறுமதிப்பீட்டுக்கு எங்கே போவீர்கள்” என்று கேட்டுச் சரிபாருங்கள். ஒரே ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டுமானால், தளம் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் இயங்குமானால் மிக நீளமான சொல் உள்ள மொழியை வைத்துப் பொத்தான்களை வரையுங்கள், கோப்பின் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் சிதையாமல் போய்ச் சேருகிறதா என்றும் சோதியுங்கள்.

அறிவிப்புகளில் அளவு தவறினால் எல்லாம் வீண். கலந்துரையாடலில் வரும் ஒவ்வொரு மறுமொழிக்கும் மின்னஞ்சல் போனால், மாணவர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார், தேர்வுத் தேதி மாறிய செய்தியும் அதனோடு போய்விடும். கெடு, தேர்வு, மதிப்பெண் ஆகியவை பற்றியவை உடனே. மற்றவை நாளுக்கு ஒரு தொகுப்பாக.

மென்பொருளை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் வேண்டியதில்லை என்பேன். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அமைப்பு, வார்ப்பு, முன்னிருப்பு, சொல் ஆகியவை பற்றியது. அவற்றை எந்தத் தளத்திலும் செய்யலாம், எந்தத் தளத்துக்கு மாறினாலும் செய்தே தீர வேண்டும். மாற்றத்தின் விலையும் பெரிது: ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வினா வங்கிகள் முழுதாகப் பெயர்வதில்லை, வெவ்வேறு தளங்களில் ஓடுவதற்கான பொது வடிவமான ஸ்கார்மில் உள்ள பாடத்தொகுப்புகளைப் புதிதாகச் சோதிக்க வேண்டும், வெளிக் கருவிகளைத் தளத்தோடு இணைக்கும் தரமான எல்டிஐ வழியாக இணைந்துள்ளவற்றை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டும். இப்போதைய தளம் திறன்பேசியில் அடிப்படை வேலைகளுக்கே உதவாமல், அல்லது அணுகல் குறைகளைத் திருத்த வழியில்லாமல், அல்லது பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய் இருந்தால் மட்டும் மாறுங்கள். யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலத் தளமாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: உங்கள் மாற்றங்களை மூல நிரலில் செய்யாமல், தோற்றத்தை மட்டும் மாற்றும் தோற்றக்கூறாகவும் (தீம்), தனியே சேர்க்கும் செருகுநிரலாகவும் (பிளகின்) மட்டும் செய்யச் சொல்லுங்கள். மூல நிரலில் கைவைத்த நிறுவனங்கள், ஒவ்வொரு மேம்படுத்தலிலும் அந்த மாற்றங்களை மறுபடி செய்ய முடியாமல், பழைய பதிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன.

வெளியிடும்போது ஒரு பருவத்தின் நடுவில் எதையும் மாற்றாதீர்கள். முதலில் சில பாடங்களில் ஒரு முழுப் பருவம் ஓட்டிப் பாருங்கள், அவற்றுள் மிகப் பெரிய பாடம் ஒன்றும், வார்ப்புக்குள் அடங்காத பாடம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். பழைய இணைப்புகள் புதிய பக்கங்களுக்குத் தாமாகத் திருப்பிவிடப்பட வேண்டும், முடிந்துபோன பாடங்கள் படிக்க மட்டும் திறந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் எடுக்கும் கருத்துக்கணிப்பை நம்பாதீர்கள். பழகிய கை புதிய இடத்தில் தடுமாறும்போது எல்லாரும் பழையதையே விரும்புவார்கள். முதலில் எடுத்த அதே அளவுகளை ஒரு பருவம் முடிந்த பின் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக, வெளியீட்டு நாளுக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டிய ஒன்று உண்டு. மாணவர் முகப்பில் எதைச் சேர்ப்பது, பொது வார்ப்பில் எதை மாற்றுவது, எந்த முன்னிருப்பைத் தொடுவது என்பவற்றுக்கு அனுமதி தரும் உரிமையும் மறுக்கும் உரிமையும் யாரிடம் இருக்கும் என்பதை நிர்வாகம் ஒரு பெயராக, ஒரு பொறுப்பாகக் குறித்துத் தர வேண்டும். அந்தப் பொறுப்பு குழு கலைந்த பிறகும் தொடர வேண்டும். அது இல்லாத இடங்களில், ஒவ்வொரு அலுவலகமும் தன் அறிவிப்புக்கு ஒரு பெட்டி கேட்டு வாங்கி, கெடுப் பட்டியல் மெல்ல மெல்லத் திரையின் கீழ்ப்புறத்துக்கு இறங்கிவிடுகிறது.